மார்கழில நாத்து கேட்டா "தை பொறக்கட்டும்"னு திருப்பி அனுப்புன நர்சரி

கடலூர்ல இருந்து பாண்டி போற ரோட்டுல முள்ளோடை தாண்டி கன்னியக்கோயில் பக்கம் வரும்போது இடது கை பக்கமா உள்ள ஒரு மண்ரோடு பிரியும், அதுல கொஞ்ச தூரம் போனா பச்சை வலை கட்டுன ஒரு நர்சரி இருக்கு. போர்டுல கடை பேரு கிடையாது, "பூச்செடி பழச்செடி நாத்து கிடைக்கும்"னு பெயிண்ட்ல எழுதி இருக்கும் அவ்ளோதான். ஒரு அண்ணனும் அவரு வீட்டு அக்காவும் பாத்துக்குறாங்க. 2024 டிசம்பர் நடுவுல இருந்து இப்ப 2025 மாசி வரைக்கும் நான் அஞ்சு தடவ போயிட்டேன், அதனால இது ஒரு நாள் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ இல்ல, வாங்கிட்டு வந்தது எல்லாம் மண்ணுல வெச்சு வளத்து பாத்துட்டு எழுதுறேன்.

முதல்ல நான் ஏன் போனேன்னு சொல்லணும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை ஏறுச்சு, பாண்டில மட்டும் ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை, அது போதாதுன்னு சாத்தனூர் அணைல தண்ணி தொறந்து விட்டு பெண்ணையாறு ரெண்டு கரையும் தொட்டு வந்துச்சு. எங்க வீடு ஆத்தோரம். பின்னாடி தோட்டத்துல ரெண்டு நாளு முழங்கால் தண்ணி நின்னுச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு பாத்தா நாலு விரக்கடை உயரத்துக்கு வண்டல் படிஞ்சு கெடக்கு, கத்தரி மிளகா எல்லாம் வேரு அழுகி சாஞ்சிடுச்சு, பப்பாளி ரெண்டும் போச்சு (பப்பாளிக்கு வேருல தண்ணி நின்னா தாங்கவே தாங்காது), முருங்கை வேரோட படுத்துடுச்சு. நின்னது கருவேப்பிலையும் எங்க அத்தை வெச்ச குண்டுமல்லியும்தான். அத்தை இப்ப இல்ல, அந்த செடி இருக்கு. அது மட்டும் போயிருந்தா நான் தோட்டத்து பக்கமே போயிருக்க மாட்டேன்.

சரி எப்படியாவது சீக்கிரம் திரும்ப பச்சையா பாக்கணும்னு ஒரு வெறி, மார்கழி ஒண்ணாந்தேதியே கெளம்பிட்டேன். போயி நின்னு தக்காளி நாத்து 20, கத்தரி 20, மிளகா 20 குடுங்கண்ணேன்னு கேட்டேன். நாத்து அங்க ட்ரேல கண்ணு முன்னாடி நிக்குது. அண்ணன் எடுக்கல. "எந்த ஊரும்மா, தண்ணி வந்த ஏரியாவா"ன்னு கேட்டாரு. ஆமாண்ணே. "மண்ணு காஞ்சிடுச்சா?" மேல காஞ்ச மாதிரிதான் இருக்குண்ணே. உடனே அவரு தன்னோட பாத்தில இருந்தே ஒரு கை மண்ணு எடுத்தாரு, அவருக்கும் தண்ணி நின்ன நெலம்தான், மேல வெடிச்சு காஞ்சு தெரியுது ஆனா ஒரு சாண் கீழ இருந்து தோண்டி எடுத்தாரு. அத உள்ளங்கைல வெச்சு அமுக்கி எலுமிச்சம்பழம் சைஸ்ல உருண்டை புடிச்சு இடுப்பு உயரத்துல இருந்து கீழ போட்டாரு. சொத்துன்னு விழுந்து அப்பிடியே சப்பையா ஒட்டிக்கிச்சு. "இது ஒடைஞ்சு உதிரணும்மா. உதிர்ற வரைக்கும் மம்முட்டி போடாத, நாத்தும் நடாத. இப்ப கொத்துனா கட்டி கட்டியா வந்து வெயில்ல செங்கல்லு மாதிரி ஆயிடும், அப்பறம் இந்த நடவு பட்டமே உனக்கு இல்ல"ன்னாரு. அதோட மார்கழில வெயிலு ஏறவே எட்டு ஒம்போது மணி ஆவுது, பனி எலைலயே நிக்குது, ஈர மண்ணுல எளம் நாத்த வெச்சா தண்டு அடிலயே அழுகும், "தை பொறக்கட்டும் வா, இப்ப விதை வாங்கிட்டு போ"ன்னு சொல்லிட்டாரு. 60 நாத்து வித்தா அவருக்கு அன்னைக்கு ஒரு வருமானம். அத வேணாம்னு சொன்ன கடைய நான் இதுக்கு முன்னாடி பாத்தது இல்ல.

விதை குடுக்கும்போது சொன்ன கணக்குதான் எனக்கு இந்த மூணு மாசத்துல கெடைச்ச பெரிய விஷயம், அதனால கொஞ்சம் விரிவா சொல்லிடுறேன். நான் எப்பவும் எல்லா விதையும் ஒரே நாள்ல போட்டுடுவேன், தக்காளி நாத்து முத்தி நெட்டையா போயிடும், மிளகா அப்பதான் ரெண்டு எலை விட்டு இருக்கும். அண்ணன் சொன்னது நடவு நாள முதல்ல முடிவு பண்ணிட்டு பின்னால எண்ணிட்டு வான்னு. மிளகா நாத்துக்கு 40ல இருந்து 45 நாளு வேணும், கத்தரிக்கு 30, 35, தக்காளிக்கு 25 போதும். தை அமாவாசைக்கு முன்னாடி நடணும்னா மிளகா மார்கழி பொறந்த உடனே, கத்தரி ஒரு வாரம் கழிச்சு, தக்காளி இன்னும் ஒரு வாரம் கழிச்சு இங்கிலீஷ் வருஷப் பொறப்பு அன்னைக்குன்னு கேலண்டர் தாள்லயே பேனால வட்டம் போட்டு குடுத்தாரு. வெண்டை, கொத்தவரை, வெள்ளரி இதுக்கெல்லாம் நாத்து விடவே வேணாம் தைல நேரா குழில ஊனிக்கோன்னாரு. அப்படியே செஞ்சேன், தை 13 அன்னைக்கு மூணும் ஒரே பக்குவத்துல கைல இருந்துச்சு. இத்தன வருஷத்துல இதான் முதல் தடவ.

கத்தரிக்கு அவரு கிட்ட இருந்த விதைய குடுத்துட்டு, அடுத்த தடவ பண்ருட்டி பக்கம் போனா பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்துலயும் கேட்டுப் பாரு, நம்ம மண்ணுக்குன்னே அவங்க எடுத்த ரகம் இருக்குன்னும் சொன்னாரு. தன் கடைல இல்லாதத இன்னொரு எடத்துல போயி வாங்குன்னு சொல்றவரு.

இப்ப கோகோபீட் கதை, அதாவது தேங்கா நார்த்தூள அமுக்கி செஞ்ச கட்டி. ட்ரேல நாத்து விட நான் ஏற்கனவே ஆன்லைன்ல ஒரு 5 கிலோ கட்டி வாங்கி வெச்சிருந்தேன், எந்த கம்பெனின்னு சொல்ல வேணாம். அதுல முதல் ட்ரே மிளகா மொளைச்சு வந்து எலை ஓரமெல்லாம் கருகுன மாதிரி ஆயிடுச்சு. தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துனேன், ஒண்ணும் சரியாகல. ரெண்டாவது தடவ கடைக்கு போகும்போது ட்ரேவையே தூக்கிட்டு போயிட்டேன். அண்ணன் அந்த நார்ல ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனில வெச்சாரு. துப்பிட்டு "உப்பும்மா"ன்னாரு. தேங்கா மட்டைய உப்புத் தண்ணில ஊற வெச்சு நாரு எடுக்குற எடத்துல இருந்து வர்ற தூளுல உப்பு நிக்குமாம், கழுவாம கட்டியாக்கி விக்கிறவங்க இருக்காங்களாம். பெரிய ட்ரம்ல ஊற வெச்சு அந்த காபி கலரு தண்ணிய சுத்தமா வடிகட்டி, திரும்ப நல்ல தண்ணி ஊத்தி, மூணு தடவ செய்யணும். அதுலயும் போர் தண்ணி ஊத்தாத, நம்ம பக்கத்துல கடலு கிட்ட இருக்குறதால போர் தண்ணியே உப்பு கரிக்குது, மாடில புடிச்சு வெச்ச மழைத்தண்ணி இருந்தா அத ஊத்துன்னாரு. அவரு கடைல விக்கிற கோகோபீட் கழுவுனது, ஒரு மூட்டை வாங்கலாம்னு பாத்தேன், அவரு உடனே "இருக்குறத கழுவி யூஸ் பண்ணு, எதுக்கு திரும்ப காசு"ன்னுட்டாரு. கழுவுனேன். பாதி கோகோபீட் பாதி மண்புழு உரம், அதுல ஒரு கை சூடோமோனாஸ் (வேரழுகல தடுக்குற நல்ல பாக்டீரியா தூளு) கலந்து ட்ரே ரொப்புனேன். அவரு ஒரு மிளகா ட்ரே வளந்த நாத்தா சும்மா குடுத்தாரு, நான் காசு குடுக்கப் போனேன், பாதி காசுதான் வாங்கிக்கிட்டாரு. அதனாலதான் நான் மேல சொன்ன கணக்குல மிளகாயும் சரியா வந்து சேந்துச்சு, இல்லன்னா அது மட்டும் பின் தங்கியிருக்கும்.

குண்டுமல்லி விஷயத்துக்கு வரேன், எனக்கு முக்கியமானது இதுதான். செடி தண்ணில நின்னு பொழைச்சாலும் எலையெல்லாம் மண்ணு அப்பி மஞ்சளா இருந்துச்சு, கெளை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சிக்கிக்கிட்டு ஆள் உயரம். எனக்கு அதுல கத்தி வைக்க மனசு வரல. போன்ல போட்டோ எடுத்துட்டு போயி அக்கா கிட்ட காட்டுனேன். அக்கா பாத்துட்டு "இத கார்த்திகை கடைசிலயே வெட்டி இருக்கணும், புயலு வந்துச்சு என்ன பண்ணுவ, இப்பவாச்சும் வெட்டு, பூவு கொஞ்சம் தள்ளி வரும் அவ்ளோதான்"ன்னாங்க. வாயால சொல்லி விடல, என்னைய கூப்டுகிட்டு போயி அவங்க மல்லி வரிசைல ஒரு செடிய என் கையாலயே வெட்ட வெச்சாங்க. முதல்ல நாலஞ்சு நாளு தண்ணிய நிறுத்தணும். காஞ்ச குச்சி, உள்பக்கம் பாத்து போற குச்சி, பென்சிலு விட மெலிசா இருக்குற குச்சி மூணையும் அடியோட எடுக்கணும். மிச்சத்த தரைல இருந்து ஒன்றரை அடி உயரத்துல, வெளிப்பக்கம் பாத்து இருக்குற கணுவுக்கு கொஞ்சம் மேல, தண்ணி நிக்காத மாதிரி சாய்வா. மிச்சம் இருக்குற எலையையும் கையாலயே உருவி விட்டுடணும். நான் வெட்டுன முதல் வெட்டுல தோலு நார் நாரா கிழிஞ்சிடுச்சு, அக்கா கத்தரிக்கோல வாங்கி பாத்து, சாணைக்கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்து, டெட்டால்ல தொடைச்சு திரும்ப குடுத்தாங்க. அப்பறம் வெட்டுனது வெள்ளரிப்பிஞ்சு நறுக்குன மாதிரி வழவழன்னு. வெட்டுவாய்ல போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) தடவுனாங்க, எனக்கும் ஒரு சின்ன டப்பால குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து அத்தை செடிய வெட்டுனேன். வெட்டி முடிச்சதும் வெறும் ஏழு குச்சி நின்னுச்சு மண்ணுல, பாக்க முடியல, அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அடில வட்டமா கொத்தி விட்டு தொழு உரம் ரெண்டு கூடை, வேப்பம் புண்ணாக்கு ரெண்டு கை போட்டு மண்ணு அணைச்சு தண்ணி விட்டேன். பதினாறாவது நாளு, பொங்கலுக்கு நாலு நாளு முன்னாடி, ஒரு குச்சில கணுவுல அரிசி முனை சைஸ்ல செவப்பு கலந்த பச்சையா ஒரு துளிர். அதுக்கப்பறம் எல்லா குச்சிலயும். இப்ப மாசில புதர் மாதிரி தழைஞ்சு நிக்குது, நேத்து எண்ணுனேன், மொட்டு 11. பங்குனில இருந்து வீட்டு சாமிக்கு கடை பூ வாங்க வேண்டி இருக்காது.

அக்காவ பத்தி இன்னொண்ணு. மார்கழி பூரா காலைல போனா வாசல் கோலத்துக்கு பூசணிப்பூ சும்மா குடுப்பாங்க, அந்த ஏரியா பொண்ணுங்க எல்லாம் வந்து வாங்கிட்டு போவாங்க. ஒரு நாள் நானே பறிச்சுக்குறேன்னு கொடில கை வெச்சப்ப தடுத்தாங்க, "பூவுக்கு அடில குட்டி உருண்டை இருந்தா அது காயி ஆவுறது, அத தொடாத, காம்பு நீட்டமா வெறுசா இருக்குது பாரு அது ஆம்பளப்பூ, அதையும் எல்லாத்தையும் பறிச்சிடாத, நாலு விட்டு வை வண்டு வரும்"னு. பல வருஷமா சாணி உருண்டைல பூசணிப்பூ வெக்கிறேன், இத எனக்கு யாருமே சொன்னது இல்ல.

கடை மேல குறை இல்லாம இல்ல. பொங்கலுக்கு ஒரு பன்னீர் ரோஜா வாங்குனேன், 80 ரூபா. வீட்டுக்கு வந்து மூணாவது நாளு எலைக்கும் தண்டுக்கும் நடுவுல பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா இருக்கு, மாவுப்பூச்சி. அத நான் செம்பருத்தி பக்கத்துல வெச்சிருந்தேன், அதுக்கும் ஏறிடுச்சு. எறும்பு வரிசையா ஏறுறத பாத்துதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு, எறும்பு இதுங்கள தூக்கிட்டு போயி பக்கத்து செடில விடும். எடுத்துட்டு போயி காட்டுனேன், அண்ணன் வேற செடி மாத்தி குடுத்தாரு, வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கூட காதி சோப்பு கரைசல் கொஞ்சம், சாயங்காலம் அடின்னு சொல்லி எண்ணெயும் குடுத்தாரு. எல்லாம் சரி, ஆனா செடிய குடுக்குறதுக்கு முன்னாடி அவங்க திருப்பி பாத்திருக்கணும். பூச்செடி வரிசை கொஞ்சம் நெருக்கமா அடுக்கி வெச்சிருக்காங்க, காத்து போக வழி இல்ல, அதான் காரணம்னு எனக்கு தோணுது. நீங்க வாங்குனா எலை அடிப்பக்கம் ஒவ்வொண்ணா பாத்து வாங்குங்க, வீட்டுக்கு கொண்டு வந்து ஒரு வாரம் தனியா வெச்சிட்டு அப்பறம் மத்த செடி கிட்ட சேத்துக்கோங்க.

அடுத்து போன் எடுக்கவே மாட்டாங்க. ரெண்டு தடவ போன் பண்ணி எடுக்காம போயி பாத்தா கடை பூட்டி இருந்துச்சு, கடலூர்ல இருந்து வண்டில போயி திரும்புறது கஷ்டமா இருக்கு. பில்லு கெடையாது, ஜிபே உண்டு. எந்த தொட்டிலயும் விலை எழுதி இருக்காது, கேட்டு கேட்டுதான் வாங்கணும், ஆனா எனக்கு ஒரு ரேட்டு இன்னொருத்தருக்கு ஒரு ரேட்டுன்னு சொல்லி நான் கேக்கல.

விலை நான் குடுத்தது சொல்றேன். கத்தரி, தக்காளி நாத்து ஒண்ணு 2 ரூபா, மிளகாவும் அதேதான். மண்புழு உரம் கிலோ 15, வேப்பம் புண்ணாக்கு கிலோ 50. மல்லி பதியன் 40. செடி வளக்குற க்ரோ பேக் ஆன்லைன விட கூட இருக்கு, ஒண்ணு 90 சொன்னாரு, ஆனா நான் ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல பத்து வாங்கி மாடில வெச்சது அடுத்த சித்திரை வெயிலுக்கே பொடி பொடியா உதிர்ந்து மண்ணு தரைல கொட்டிடுச்சு, இவரு கிட்ட இருக்குறது கெட்டியான துணி மாதிரி இருக்கு, தைச்ச கைப்புடி. எவ்ளோ நாளு வரும்னு ஒரு கோடை போனாதான் சொல்ல முடியும், அதனால இதுக்கு மட்டும் நான் மார்க் போடல.

செடிக்கு உரமா ஊத்துற மீன் அமிலம் கேட்டேன், இல்லன்னுட்டாரு. "கடலூர்ல இருந்து ஓடி வந்து எங்கிட்ட மீன் அமிலம் கேக்குற, துறைமுகத்துல மீன் கழிவு சும்மா குடுப்பான்"னு சிரிச்சாரு. கழிவு ஒரு கிலோவுக்கு வெல்லம் ஒரு கிலோ, மூடி போட்ட டப்பால நிழல்ல மூணு வாரத்துக்கு மேல வெச்சா தேன் மாதிரி ஆயிடும், வடிகட்டி லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, அதுக்கு மேல போவாதன்னு சொல்லி அனுப்புனாரு. வெச்சிருக்கேன், நாத்தம் போயி பழ வாசனை வந்துடுச்சு.

இப்ப நெலவரம். தை 13 நட்ட தக்காளில பூவு வந்துடுச்சு, கத்தரி மொட்டு விட்டுருக்கு, மிளகா இன்னும் கொஞ்ச நாளு ஆகும். நட்டதுல மொத்தம் 57ல செத்தது 4, அதுல ரெண்டு பெருச்சாளி தோண்டுனது. வெண்டை நேரா ஊனுனது முழங்கால் உயரம். மண்ணு உதிர்ற வரைக்கும் காத்துகிட்டு இருந்ததுதான் காரணம், அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஏன்னா பக்கத்து வீட்டுல மார்கழிலயே கொத்தி நட்டாங்க, அவங்க பாத்தில இன்னிக்கும் கட்டி கட்டியா கெடக்கு, செடி பாதிக்கு மேல போச்சு, அவங்கள பாத்தா எனக்கே மனசு கேக்கல. மிச்சம் இருந்த என் தக்காளி நாத்து ஆறு அவங்களுக்கு குடுத்துட்டேன்.

அடுத்து பந்தல் போட்டு புடலையும் பாகலும் ஏத்தணும், அதுக்கு விதை எடுக்க மாசி மகத்துக்கு முன்னாடி ஒரு நடை போகணும், மகத்தன்னைக்கு தீர்த்தவாரி கூட்டத்துல அந்த ரோட்டுல வண்டி நகராது. போறவங்க காலைல ஏழு மணில இருந்து பத்துக்குள்ள போங்க, அப்பதான் அண்ணன் நின்னு பேசுவாரு, அதுக்கு மேல தண்ணி பாய்ச்ச போயிடுவாரு. கைல உங்க வீட்டு மண்ணு ஒரு கவர்ல எடுத்துட்டு போங்க, ஒரு சாண் ஆழத்துல இருந்து எடுத்தது. ஞாயித்துக்கெழமை மத்தியானம் கடை கெடையாது.